சிவப்பு மைப் புள்ளி

அத்தியாயம் 6

ஒட்டடையின் வலது செருப்பு கண்ணாடிக் கதவின் இடுக்கில் மாட்டி நசுங்கிக்கொண்டிருந்தது. செருப்பு வெளியே வந்தால் கதவு மூடும். கதவு மூடினால், உள்ளே பாதி வழியில் திகைத்து நிற்கிற இரும்புக் கை மறுபடி நகரும். கை நகர்ந்தால், ஜெயிலில் இருக்கும் ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஜெயிலிலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

“அமுக்கிப் பிடி,” என்றாள் அக்கா. “விட்டே, உன்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திடுவேன்.”

“அக்கா, இது கல்யாணத்துக்கு வாங்கின செருப்பு.”

“யார் கல்யாணத்துக்கு?”

“என் கல்யாணத்துக்குத்தான். பொண்ணுதான் இன்னும் கிடைக்கலை.”

பீரோ உயரத்துக்கு நின்ற டேப் மெஷின் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. இரும்புக் கையின் விரல்களில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு டேப். எழுதும் வாய் அதற்கு ஒரு சாண் தூரத்தில் காத்திருந்தது.

“மேடம், அது ஜாப் ஓடிட்டிருக்கு. கை வைக்காதீங்க,” என்றார் டேப் ரூம் ஆபரேட்டர், நாற்காலியிலிருந்து எழாமல். வாயில் பாதி பிஸ்கட். மீதிப் பாதி கீபோர்டில் தூளாகக் கிடந்தது.

“நிறுத்துங்க.”

“மேனேஜர் சொன்னாத்தான் நிறுத்தலாம்.”

“மேனேஜர் எங்கே?”

“மீட்டிங்.”

அக்கா ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். மறு கையில் ரப்பர் உறை. கதவிடுக்கில் அந்தக் கை நுழைவதை ஒட்டடை பக்கத்திலிருந்து பார்த்தான். உள்ளே கிரீஸ், கிரீஸில் ஒட்டிய தலைமயிர், மல்லாந்து கிடந்த ஒரு கரப்பான். அக்காவின் முகம் கசப்பு மருந்து குடித்த முகமானது. ஆனால் கை நிற்கவில்லை. இரும்பு விரல்களிலிருந்து டேப்பைப் பிடுங்கி வெளியே எடுத்தபோது மெஷின் நீளமாக ஓலமிட்டு அடங்கியது.

“இதைச் சுத்தம் பண்றதே இல்லையா நீங்க?”

“அது எந்திரம் மேடம். அதுக்கென்ன தெரியப்போகுது,” என்றார் ஆபரேட்டர். பிஸ்கட் தீர்ந்துவிட்டதால் கட்டைவிரலைக் கடிக்க ஆரம்பித்தார். கடித்துத் தரையில் துப்பினார்.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். ஒட்டடை செருப்பை மாட்டிக்கொண்டான். அது இப்போது இடது காலுக்கும் பொருந்தும்போல் இருந்தது.

கட்சிக்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் அவள் அக்கா. போலீஸ் ஸ்டேஷன்களில் மட்டும், அவள் தலை மறைந்ததும், பினாயில் என்பார்கள். மனிதர்கள் தொட்ட எதையும் துடைக்காமல் தொடமாட்டாள். மனிதர்களைத் துடைத்தும் தொடமாட்டாள். கைக்குட்டையை யாருக்கும் கடன் கொடுத்ததில்லை. இப்படிப்பட்டவள் துப்பறியும் தொழிலுக்கு ஏன் வந்தாள் என்று ஒட்டடை ஒருமுறை கேட்டான். “அழுக்கு எங்கே இருக்குன்னு அருவருப்புப் படறவளுக்குத்தான் தெரியும்” என்றாள். தன்னை ஏன் வேலைக்கு வைத்தாள் என்று அவன் கேட்கவில்லை. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமாக ஓர் ஆள் கூட இருப்பது எட்டாத இடங்களுக்கு வசதி என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

வழக்கு இதுதான். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்தது. பாட்டு டீச்சர் ஒருத்தி செத்துப்போனாள். அந்த லிஃப்டைப் பராமரித்த மெக்கானிக்கைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிடித்த அன்றே அவன் ஒரு வார்த்தை சொன்னான்: முதல் நாளே பிரேக் தேய்ந்துபோனதைப் பார்த்துக் கம்பெனியின் புகார் டெஸ்க்குக்குப் போன் செய்தானாம், லிஃப்டை நிறுத்த வேண்டாம், ஓடட்டும் என்று உத்தரவு வந்ததாம். கம்பெனியோ அப்படி ஒரு போனே வரவில்லை என்றது. எல்லாப் போன்களையும் பதிவு செய்து, நாளுக்கு ஒரு டேப்பாக ராத்திரி ஏற்றுவது வழக்கம்தான். ஆனால் அந்தப் பதிவுகளின் இன்டெக்ஸ் காலாவதியாகிவிட்டது, ஆகவே எல்லாம் அழிந்துவிட்டது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தது.

“அழியலைம்மா,” என்று அக்கா மெக்கானிக்கின் மனைவிக்கு விளக்கியபோது ஒட்டடை பக்கத்தில் இருந்தான். “ஒரு தடிமனான சமையல் புஸ்தகம். எந்தப் பக்கத்துல எந்தச் சமையல்னு முன்னாடி போட்டிருக்கற பக்கத்தைக் கிழிச்சுட்டாங்க. சமையல் குறிப்பு உள்ளேதான் இருக்கு. ஒவ்வொரு பக்கமாப் புரட்டினா கிடைக்கும்.”

“அப்போ புரட்டச் சொல்லுங்கக்கா.”

“ஒரு ஆபத்து இருக்கு. இன்டெக்ஸ் இல்லாத டேப்பை மெஷின் காலி டேப்னு நினைச்சுக்கும். உள்ளே போட்டா அது மேலேயே புதுசா எழுதிடும். எழுதிட்டா சாமியே வந்தாலும் வராது.”

டேப் ரூமில் தேடக் கோர்ட் கொடுத்த அனுமதி இன்றோடு முடிகிறது. நாளைக்குக் கடைசி வாதம். சுவர் நிறைய டேப், எதன் மேலும் தேதி கிடையாது, வெறும் எண்தான். எண்ணுக்குரிய தேதி இன்டெக்ஸோடு போய்விட்டது. வைக்கோற்போரில் ஊசி என்றால்கூட ஊசி பளபளக்கும் என்று ஒட்டடை அலுத்துக்கொண்டான்.

அக்கா காலையிலேயே அலமாரி முன்னால் நின்று ஒன்றைக் கவனித்துவிட்டாள். டேப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு தாழ்ப்பாள் உண்டு. அதைத் தள்ளிப் பூட்டிவிட்டால் அந்த டேப்பின் மேல் மெஷினால் எழுத முடியாது. தள்ளுவதற்கு நகம் வேண்டும். ஆபரேட்டருக்கு நகம் கிடையாது, தின்றுவிட்டார். அதனால் பேனா முனையால் குத்தித் தள்ளுவார். ஒவ்வொரு டேப்பிலும் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு நீல மைப் புள்ளி. ஐந்தே ஐந்து டேப்பில் மட்டும் புள்ளி சிவப்பு.

“உங்களுக்கு உடம்புக்கு முடியாமப் போனதுண்டா?” என்று அவள் ஆபரேட்டரைக் கேட்டாள்.

“வருஷா வருஷம் கண்ணுவலி வரும். அந்த லிஃப்ட் விழுந்த வாரம்கூட, ரெண்டு கண்ணும் ஒட்டிக்கிட்டு, திறந்தா சீழா…”

“போதும். உங்க இடத்துல யாரு உட்கார்ந்தது?”

“அக்கவுன்ட்ஸ்ல இருந்து ஒருத்தர்.”

அக்கவுன்ட்ஸ் ஆள். சிவப்புப் பேனா. லிஃப்ட் விழுந்தது அந்த வாரத்தின் கடைசி வேலை நாளில். அதற்கு முதல் நாள் போன். அப்படியானால் சிவப்புப் புள்ளி வைத்த ஐந்தில், எண் வரிசைப்படி கடைசிக்கு முந்தினது. எதற்காகக் கண்ணுவலியைப் பற்றிக் கேட்டாள் என்று ஆபரேட்டருக்குக் கடைசிவரை புரியவில்லை. காலாவதியான டேப்பை எடுத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது கம்பெனியின் விதி. தாழ்ப்பாளைத் திறக்கச் சோம்பல்பட்டு அவர் புது டேப்பே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சோம்பல்தான் அத்தனையையும் காப்பாற்றி வைத்திருந்தது.

மேனேஜரின் கையெழுத்து இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று ஆபரேட்டர் மறுத்ததால், கோர்ட் உத்தரவின் நகலை வாங்கிவர அவர்கள் வக்கீல் ஆபீசுக்குப் போனார்கள். காகிதத்தோடு திரும்பி வந்தபோது அலமாரியில் சிவப்புப் புள்ளி நான்குதான் இருந்தது. அந்தக் கடைசிக்கு முந்தினது, இரும்புக் கையில்.

“இதை உள்ளே போட்டது யாரு?” ஒட்டடை ஆபரேட்டரைக் கேட்டான்.

“நான் டாய்லெட் போயிருந்தேன். வந்து பார்த்தா ஓடிட்டிருக்கு. மெஷின் தானா எடுத்துக்கிச்சோ என்னவோ.”

“தானா அலமாரிக்கு நடந்து போயி, தேடி எடுத்துக்கிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்துக்கிச்சா? நம்ம ஆபீஸ் பையனைவிடச் சுறுசுறுப்பா இருக்கே.”

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்து டேப்பின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். தாழ்ப்பாள் திறந்திருந்தது. சிவப்புப் புள்ளி பழையது, காய்ந்து வெளுத்திருந்தது. திறந்தவன் பேனாவால் திறக்கவில்லை, புது மை எதுவும் இல்லை. தாழ்ப்பாளின் பள்ளத்தில் மட்டும் என்னவோ இருந்தது. அவள் உற்றுப் பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லை. ஒரு பிளாஸ்டிக் கவர் குடு. சின்னதா. அப்புறம் ஒரு குண்டூசி.”

குண்டூசி முனையால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டினாள். கவரில் விழுந்தது ஒரு கடுகு அளவுகூட இல்லை. மஞ்சள் பூத்த அழுக்கு. கவரை மடித்து ஒட்டடையின் சட்டைப் பையில் போட்டாள். தன் கைப்பையில் போடவில்லை என்பதை அவன் கவனித்தான். பிறகு தாழ்ப்பாளைப் பூட்டுகிற பக்கம் தள்ளி, ஆபரேட்டர் முன்னால் டேப்பை நீட்டினாள்.

“இப்போ போடுங்க. எழுத முடியாது, படிக்கத்தான் முடியும். ஆரம்பத்துலேருந்து கடைசிவரை படிச்சு இன்டெக்ஸைத் திரும்ப உண்டாக்கச் சொல்லுங்க.”

“அதுக்கு ரொம்ப நேரம் ஆகும் மேடம்.”

“பிஸ்கட் இருக்கில்ல?”

மெஷின் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், வாசனை முதலில் வந்தது, மேனேஜர் பின்னால் வந்தார். மல்லிகையும் டெட்டாலும் கலந்த மாதிரி ஒரு சென்ட். பாலீஷ் போட்ட சிரிப்பு. பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். அதே விரலை அக்காவிடம் கைகுலுக்க நீட்டினார். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கை தானாகத் திரும்பிப் போனது.

“மறைக்கிறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லை மேடம். புகார்ங்கற வார்த்தையே இல்லாத கம்பெனி இது. பாருங்க,” என்று சுவரைக் காட்டினார். அங்கே ஒரு போஸ்டர்: ‘புகாரில்லா மாதம், பெருமைமிகு மாதம்.’ “ஒரு மாசம் முழுக்க பெரிய புகார் எதுவும் வராத டெஸ்க் ஆளுக்கு ஒரு பேட்ஜ் குடுப்போம். என்னோட ஐடியா. அதுக்கப்புறம் புகார் எவ்வளவு குறைஞ்சிடுச்சு தெரியுமா?”

“லிஃப்ட் ரிப்பேர் ஆகறது குறைஞ்சுதா?”

“அது வேற டிபார்ட்மென்ட்.”

ஒட்டடை மெல்லக் குனிந்தான். “அக்கா, இவரைத் துடைச்சா பளபளன்னு இருப்பாரு. ஆனா எதால துடைக்கிறதுன்னுதான் தெரியலை.”

கதவு திறந்தது. மெக்கானிக்கின் மனைவி வந்தாள், அவளுக்குப் பின்னால் அவள் கணவனின் அண்ணன். அவரும் இதே கம்பெனியில் புகார் டெஸ்க்கில் வேலை செய்கிறவர்தான். தம்பிக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவரே. வழக்கு வந்த நாளிலிருந்து குடும்பத்துக்காக ஓடுவது, வக்கீலைப் பார்ப்பது, போனை எடுப்பது எல்லாம் அவர். அக்காவின் ஆபீசுக்கு முதல் தடவை வந்தபோது, “அன்னிக்கு மட்டும் நான் டெஸ்க்ல இருந்திருந்தா என் தம்பியை இப்படி விட்டிருப்பேனா மேடம்? லீவு போட்டது என் தலையெழுத்து” என்று அழுதார். அழுதுகொண்டே சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்தார். குடைந்ததை எடுத்துப் பார்த்தார். அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை.

“கிடைச்சிடுச்சாக்கா?” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. இரண்டு வருஷமாக இந்தக் கேள்வியையே எல்லாரிடமும் கேட்டுக் குரல் கரகரத்துப் போயிருந்தது.

“படிச்சிட்டிருக்கும்மா. உட்காரு.”

“பாவம், காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை இவ,” என்றார் அண்ணன்காரர். “மேடம், அதான் மெஷின் இன்டெக்ஸை உண்டாக்கப் போகுதே. அது பாட்டுக்கு ஓடட்டும். நாளைக்குக் காலையில நாங்க கோர்ட்டுக்குப் போற வழியில வந்து கேட்டுக்கறோம். ஏம்மா, வா, வீட்டுக்குப் போலாம்.”

“ஆமா மேடம், நாளைக்கு வாங்க,” என்று ஆபரேட்டரும் நாற்காலியைத் தள்ளினார்.

அக்கா அண்ணன்காரரை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள். பிறகு ஆபரேட்டர் பக்கம் திரும்பினாள்.

“காலாவதி தேதியைத் தள்ளி வச்சீங்களா?”

ஆபரேட்டர் விழித்தார்.

“புது இன்டெக்ஸ் பழைய தேதியோடதானே வரும்? உங்க மெஷின் ராத்திரி சுத்தம் பண்ணும்போது, இது காலம் முடிஞ்ச சரக்குன்னு திரும்பத் தூக்கிப் போட்டுடும். நாளைக்கு வந்தா மறுபடி ஒண்ணும் இருக்காது. தள்ளி வைங்க. இப்பவே, என் கண் முன்னாடி.”

ஆபரேட்டர் தட்டினார். பிஸ்கட் தூள் பறந்தது.

“இந்த விஷயம் உங்களுக்குத் தெரியுமா?” அக்கா அண்ணன்காரரிடம் கேட்டாள்.

“எனக்கெப்படி மேடம் தெரியும்? நான் போன் எடுக்கறவன்.”

“பழைய பதிவு வேணும்னா டெஸ்க்லேருந்து இவர்தான் வந்து நிப்பாரு,” என்றார் ஆபரேட்டர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். “இதை எனக்கே ஒரு தடவை இவர்தான் ஞாபகப்படுத்தினாரு. நான்தான் மறந்துடறேன்.”

அண்ணன்காரர் சட்டைப் பையில் மாட்டியிருந்த பித்தளை பேட்ஜைக் கட்டைவிரலால் தேய்த்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். பேட்ஜ் பளபளத்தது.

“எல்லாரும் கையைக் காட்டுங்க,” என்றாள் அக்கா.

“என்னது?” என்றார் மேனேஜர்.

“கை. ரெண்டையும். ஸ்கூல்ல காட்டியிருப்பீங்களே.”

“அக்கா கேட்டா காட்டிடுங்க சார். இல்லைன்னா சோப்போட வந்துடுவாங்க,” என்றான் ஒட்டடை.

மேனேஜர் கை நீட்டினார். ஒட்ட வெட்டி, ராவி, எண்ணெய் தடவிய நகங்கள். ஒரு தாளைக்கூட அவற்றால் பிரிக்க முடியாது, அதனால்தான் நாக்கு. ஆபரேட்டர் நீட்டினார். நகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவந்த சதை.

“இந்த டேப்போட தாழ்ப்பாளைத் திறந்தவன் பேனாவால திறக்கலை, நகத்தால திறந்திருக்கான். இவங்க ரெண்டு பேராலயும் அது முடியாது,” என்றாள் அக்கா. அண்ணன்காரர் பக்கம் திரும்பினாள். “இன்னொண்ணு. சிவப்புப் புள்ளியைப் பத்தி எனக்கும் ஒட்டடைக்கும்தான் தெரியும். வக்கீல் ஆபீஸ்லேருந்து இந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணினேன். எடுத்தது நீங்க. அவ குளிச்சிட்டிருக்கா, என்கிட்ட சொல்லுங்கன்னீங்க. அஞ்சு சிவப்புப் புள்ளியில கடைசிக்கு முந்தினதுன்னு சொன்னேன். அவகிட்ட சொன்னீங்களா?”

மெக்கானிக்கின் மனைவி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். “என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே. கடைக்குப் போயிட்டு வரேன்னுட்டுக் கிளம்பிட்டாரு.”

அண்ணன்காரரின் வலது கை பேன்ட் பையில் இருந்தது.

“வெளியே எடுங்க,” என்றாள் அக்கா.

வந்தது. நான்கு விரல்களில் சாதாரண நகம். சுண்டுவிரலில் மட்டும் ஒரு பட்டாணி நீளத்துக்கு வளர்த்து, கூராக்கி வைத்த நகம். ஒட்டடையின் கை அனிச்சையாகத் தன் சட்டைப் பைக்குப் போனது. உள்ளே இருப்பது என்னவென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சட்டையையே கழற்றி எறியலாமா என்று ஒரு கணம் யோசித்தான்.

“அக்கா… இது காதுக்…”

“சொல்லாதே. வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லாதே.”

அண்ணன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். “மிரட்டிட்டாரு மேடம். மேனேஜர்தான். டேப் கிடைச்சா உன் வேலை போயிடும், உன் பிள்ளைங்க தெருவுல நிக்கும்னாரு. நான் என்ன பண்ணுவேன். தம்பிக்குத் துரோகம் பண்ண மனசு வருமா எனக்கு. ஏம்மா, நீயே சொல்லு, உங்க ரெண்டு பேரையும் நான் எப்படிப் பார்த்துக்கிட்டேன்.”

“மாமா, அழாதீங்க,” என்றாள் மெக்கானிக்கின் மனைவி. ஒரு கை அவர் தோள் பக்கம் போனது. “பயந்துட்டீங்க. யாரா இருந்தாலும் பயப்படுவாங்க.”

“பச்சைப் பொய்,” என்றார் மேனேஜர். முதல் முறையாகச் சிரிப்பு கழன்று விழுந்திருந்தது. “எந்த டேப்புன்னே எனக்குத் தெரியாது.”

இரண்டு பேரில் யார் சொல்வதையும் ஒட்டடையால் நம்ப முடியவில்லை. அவன் மனசு ஜெயிலுக்குப் போனது. போன வாரம் கம்பிக்குப் பின்னால் அந்த மெக்கானிக்கைப் பார்த்தார்கள். பிரேக் எவ்வளவு தேய்ந்திருந்தது என்று விரலிடுக்கில் அளந்து காட்டினான். போனை எடுத்தது யார் என்று அக்கா கேட்டதும் தரையைப் பார்த்தான். “யாரோ எடுத்தாங்க. ஞாபகம் இல்லை.” அதற்குமேல் அந்தப் போனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மறுத்துவிட்டான். பிடித்த அன்று வாய்தவறிச் சொன்னதற்கே வருத்தப்படுகிறவன் மாதிரி இருந்தான். வெளியே வந்ததும் அக்கா, “தேய்மானத்தை மறக்காதவன் குரலை மறப்பானா?” என்று மட்டும் கேட்டாள்.

மெஷின் ஒரு மணி அடித்தது. ஆபரேட்டர் நிமிர்ந்தார்.

“வந்துடுச்சு மேடம். அன்னிக்குப் போன்கள் மொத்தமும் இருக்கு.” அவர் குரலில் ஓர் ஆச்சரியம், தன் அறையில் உபயோகமான ஒன்று இருந்ததைப் பார்த்த ஆச்சரியம். “மெக்கானிக் நம்பர்லேருந்து வந்தது ஒண்ணுதான். போடட்டுமா?”

“போடுங்க.”

“ஒரு விஷயம். நம்ம டெஸ்க் பக்கத்து ஒயர் ரொம்ப நாளா லூஸ். போன் பண்றவங்க பேசறதுதான் தெளிவாக் கேட்கும். எடுத்தவங்க குரல் கொசு மாதிரி இருக்கும்.”

“அதையும் சரி பண்ணலையா?”

“யாரும் புகார் குடுக்கலையே.”

ஸ்பீக்கரில் கரகரப்பு. பிறகு ஓர் இளம் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. மெக்கானிக்கின் மனைவி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“…ஆமா, பிரேக் லைனிங் சுத்தமாப் போயிடுச்சு. தடவினா இரும்பு கையில படுது. நான் மெயினை ஆஃப் பண்ணி போர்டு மாட்டிடறேன்.”

மறுமுனையில் கொசு முனகியது.

“காலை வரைக்குமா? தாங்காது. சாயங்காலமாச்சுன்னா பிள்ளைங்க வேற பாட்டு கிளாசுக்கு ஏறி இறங்கும்.”

கொசு கொஞ்சம் நீளமாக முனகியது.

“புகார்னு எழுத வேணாமா? ஏன்?”

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “பாருங்க, எடுத்தது யாருன்னு தெரியலை. டெஸ்க்ல பல பேரு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமக் கொள்ளாம ஷிஃப்ட் மாத்திக்குவாங்க. யாரோ ஒரு தனி ஆளோட தப்புக்குக் கம்பெனி…”

“அந்தப் பாவி எவனோ,” என்றார் அண்ணன்காரர், தரையிலிருந்து. மூக்கை உறிஞ்சினார். அழுகை நின்றிருந்தது.

ஸ்பீக்கரில் மெக்கானிக் சிரித்தான். மனமில்லாத சிரிப்பு.

“மாசக் கடைசின்னா என்ன இப்போ? …ஓ, பேட்ஜா?”

ஒட்டடை திரும்பினான். மேனேஜர் திரும்பினார். ஆபரேட்டர்கூட விரலை வாயிலிருந்து எடுத்தார். அண்ணன்காரனின் உள்ளங்கை சட்டைப் பையை மூடியது. மூடிய வேகத்தில் அந்த நீள நகம் துணியில் மாட்டிக்கொண்டது.

“பேட்ஜ் எல்லாருக்கும்தான் குடுத்திருக்காங்க,” என்றான். “கேளுங்க, மேனேஜரைக் கேளுங்க. எல்லாருக்கும்தான்.”

யாரும் கேட்கவில்லை. அக்கா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள்.

“சரி, விடு. உனக்கு வரப்போறதை நான் கெடுக்கலை. போர்டு மாட்டலை. ஆனா காலையில முதல் வேலையா ஆள் அனுப்பிடணும், மறந்துடாதே.”

கொசு ஒரே ஒரு தரம் முனகியது. சம்மதம் மாதிரி.

“அப்போ வச்சிடறேன்ணா. அண்ணிகிட்ட சொல்லிடு, ராத்திரி சாப்பாடு உங்க வீட்லதான். இவளும் வர்றா.”

டொக்.

அண்ணன்காரன் யாரையும் பார்க்காமல், நகத்தைத் துணியிலிருந்து விடுவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக்கின் மனைவி புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். இன்னொரு முறை, அழுத்தித் துடைத்தாள். அக்கா தன் கைக்குட்டையை நான்காக மடித்து அவள் கையில் வைத்தாள்.

“அன்னிக்கு ராத்திரி மாமாதான் பரிமாறினாரு,” என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல். “லிஃப்டைப் பத்தி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலை. எனக்கு ரெண்டாவது தடவை சோறு போட்டுட்டு, அந்த பேட்ஜைச் சட்டையில குத்திக் காட்டினாரு. எப்படி இருக்குன்னு கேட்டாரு. நல்லா இருக்கு மாமான்னு சொன்னேன்.”